மெக்சிகோ மல்யுத்த வீரர் எல் சாண்டோ கடைசிவரை முகமூடியைக் கழற்றவே இல்லையா?

கிட்டத்தட்ட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் 'லூச்சா லிப்ரே' மல்யுத்தத்தில் முகமூடி வெறும் அலங்காரம் இல்லை, அதையே பந்தயமாக வைத்து மோதுவார்கள், தோற்றவர் கூட்டத்தின் முன்னால் அதைக் கழற்றி, சொந்தப் பெயரையும் சொல்லியாக வேண்டும். 1952 நவம்பரில் பிளாக் ஷேடோ என்ற வீரரின் முகமூடியை சாண்டோ அப்படித்தான் பறித்தார். அவருடைய பெரிய வெற்றி அதுதான் என்பேன்.

அவரது நிஜப்பெயர் ரொடோல்ஃபோ குஸ்மான் ஊர்டா, 1917-ல் துலான்சிங்கோவில் பிறந்தவர். வேறு பெயர்களில் சண்டை போட்டுவிட்டு, 1942-ல் வெள்ளி முகமூடியோடு 'சாண்டோ' ஆனார். சாண்டோ என்றால் புனிதர், ஆனால் வேடிக்கை என்னவென்றால் மனிதர் அப்போது விதிகளை மீறி அடிக்கும் வில்லன்! இருபது வருஷம் கழித்து, 1962-ல்தான் நல்லவர் பக்கம் வந்தார். அதற்குள் அவரை வைத்துப் படக்கதை வந்து, சினிமாவும் வந்து (கடைசியில் மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள், காட்டேரி, மம்மி எல்லாவற்றோடும் சண்டை) நாடே கொண்டாடும் நாயகனாகிவிட்டார்.

பொது இடத்தில் சாப்பிடுவதற்கென்றே வாய்ப் பக்கம் திறந்த முகமூடி வைத்திருந்தாராம். 1982-ல் ஓய்வு. 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் திடீரென்று முகமூடியைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார், முழுசாகக்கூட இல்லை. அப்புறம் சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, மாரடைப்பில் இறந்தார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.