பாட்டியும் ஏழு வயதுப் பையனும் கேமிங் கச்சேரியும்

பாலக்காட்டுக்கு அப்பால் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அம்மாவையும் ஏழு வயதுப் பையனையும் கொச்சி கேமிங் விழாவுக்குக் கூட்டிப்போய், ராத்திரி வீடியோ கேம் இசைக் கச்சேரியும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், சத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பெரியவர்களுக்கான கணக்கு. அப்படிப் பார்த்தால் கச்சேரிச் சத்தம் 100 டெசிபலைத் தொட்டால் 15 நிமிடம்தான். பையனுக்குப் பஞ்சு போதாது. காதை முழுசாக மூடும் இயர்மஃப் வாங்கி, வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பழக்குங்கள். நான் வாளையாரிலிருந்து மகளைக் கூட்டிப்போய் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டிலேயே அழுகை, பாதியில் வெளியே வந்தோம். டிக்கெட் காசு போனதுதான் மிச்சம். பின்வரிசையில் வாசலோரமாக இடம் பிடியுங்கள்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டென்றால், மின்னி மின்னி அடிக்கும் விளக்குகள் பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அம்மாவைப் பகல் முழுக்க ஸ்டால் ஸ்டாலாக நிற்கவைக்க வேண்டாம், சாயங்காலம் வந்தால் போதும். திறந்தவெளி என்றால் பொதுவாக 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். மூடிய அரங்குக்கு அந்த விதி இல்லை, இழுத்துக்கொண்டே போகலாம். அப்புறம் கொச்சியிலிருந்து பாலக்காடு வரைக்குமே சுமார் 150 கிலோமீட்டர். அன்றைக்கு எர்ணாகுளத்திலேயே தங்கிவிடுங்கள்.