பழைய கை, புது வண்டி: வாசகர் கேள்வி பதில்

பல வருடமாகத் தொடாமல் விட்ட ஸ்கூட்டரை மறுபடி எடுக்கலாமா என்று கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எனக்கு 46 வயது. 2011 வரை ஸ்கூட்டி பெப் ஓட்டினேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது தென்காசியில் வேலை. வீட்டில் 110 சிசி புது வண்டி நிற்கிறது. "சைக்கிள் மாதிரிதான், மறக்காது" என்கிறார்கள். எனக்கோ ஸ்டாண்டு எடுக்கவே கை நடுங்குகிறது.
(வாசகி, செங்கோட்டை)

பதில்: மறக்காது என்பது பாதிதான் உண்மை. பேலன்ஸ் மறக்காது. ஆனால் உங்கள் கைக்கு ஞாபகம் இருப்பது பெப். இப்போது நிற்பது வேறு வண்டி. பெப்பின் எடை சுமார் 95 கிலோ, 110 சிசி வண்டிகள் பெரும்பாலும் 105 கிலோ அளவு. பிரேக்கும் மாறிவிட்டது. உங்கள் பழைய வண்டியில் இடது லீவர் பின்சக்கரத்தை மட்டும் பிடித்திருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த சிறிய ஸ்கூட்டர்களில் பொதுவாக இடது லீவரே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பழைய பழக்கத்தில் திருப்பத்தில் இடது லீவரை இறுக்கினால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். மணல் கிடந்தால் வண்டி சாய்ந்துவிடும்.

முதல் இரண்டு நாள் இஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஒரு பள்ளி மைதானம் போதும். சென்டர் ஸ்டாண்டு போடுவதைப் பத்து முறை செய்யுங்கள். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். ஸ்டாண்டின் நாக்கை வலது காலால் அழுத்தி, அதன் இரண்டு காலும் தரையைத் தொட்டதும் உங்கள் முழு எடையையும் வலது காலில் இறக்குங்கள். கையால் தூக்க நினைக்கிறவர்களுக்குத்தான் இடுப்பு பிடிக்கும். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, எட்டு போட்டு, பின்னால் இழுத்துப் பழகுங்கள். சாய ஆரம்பிக்கும் இடம் எது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் ஊன்ற வேண்டும்.

தள்ளும்போது சாவி அணைந்தே இருக்கட்டும். இது மிக முக்கியம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறங்கி நின்று தள்ளும்போது வலது கை தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும். கியர் இல்லாத வண்டியில் கிளட்ச் தானாகப் பிடிப்பது. குறிப்பிட்ட சுழற்சி வரை இழுக்காது, அதைத் தாண்டியதும் சட்டென்று பிடித்து வண்டி பாயும். வாசலிலும் கடை முன்னும் விழுகிறவர்கள் பலர் இப்படித்தான் விழுகிறார்கள்.

மூன்றாம் நாள் இஞ்சினோடு பத்து மீட்டர் போய் நிற்பது. திரும்பத் திரும்ப அதையே செய்யுங்கள். வரிசை இதுதான்: முதலில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விடுங்கள், பிறகு இரண்டு லீவரையும் ஒன்றாக, மெதுவாகத் தொடங்கி இறுக்குங்கள், வண்டி நின்ற பிறகே காலை இறக்குங்கள். ஓடும்போதே காலைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவது பாதுகாப்பு போலத் தோன்றும். கணுக்கால் மடங்குவது அதில்தான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிரேக்கை இறுக்காதீர்கள், நேராக்கிவிட்டுப் பிடியுங்கள். பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம், இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

பிறகு சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து அளந்து பாருங்கள். 20 கி.மீ. வேகத்தில் நான்கு மீட்டருக்குள்ளும், 30-ல் ஏழெட்டு மீட்டருக்குள்ளும் சறுக்காமல் நிற்க வந்தால்தான் சாலைக்குத் தயார். ஓட்டத் தெரிவதை விட நிறுத்தத் தெரிவதுதான் திரும்பி வருகிறவருக்குத் தேவை. 40 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் நகரும். ஆபத்தைக் கண்டு விரல் லீவருக்குப் போகவே ஒரு விநாடி ஆகும். அதற்குப் பிறகுதான் பிரேக்கின் வேலை.

சாலைக்கு முதலில் ஞாயிறு காலை ஆறு மணி. இடப்பக்கத் திருப்பங்கள் மட்டும் வருகிற மாதிரி ஊருக்குள் ஒரு சுற்று. இரண்டு வாரம் கழித்துத் தென்காசி சாலை. அங்கே தார் விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். ஒன்றரை மீட்டராவது உள்ளே வாருங்கள். விளிம்பில் மண் இறங்கிக் கிடக்கும். சக்கரம் இறங்கிவிட்டால் அதே வேகத்தில் பக்கவாட்டாக ஏற முயலக் கூடாது. டயர் விளிம்பில் உரசி வண்டியைக் கவிழ்க்கும். மண்ணிலேயே வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்துவிட்டு, குறுக்காக ஏறுங்கள். புடவை என்றால் முந்தானையை இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவை முன்னால் முடிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் வளைகுடாவுக்குப் போனதால் வண்டி மூன்று வருடமாக ஷெட்டில் நிற்கிறது. பேட்டரி மாற்றினால் ஓடும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. எடுக்கலாமா?
(வாசகி, களியக்காவிளை)

பதில்: பேட்டரி போட்டால் ஓடலாம். நிற்குமா என்பதுதான் கேள்வி. பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். வண்டியைத் தள்ளிப் பாருங்கள்; சக்கரம் இறுகலாகச் சுற்றினால் டிரம்முக்குள் (சக்கரத்தின் நடுவே உள்ள பிரேக் கிண்ணம்) ஷூ, அதாவது உரசிப் பிடிக்கும் கட்டை, துருவோடு ஒட்டியிருக்கிறது. கழற்றி, துடைத்து, ஷூவை விரிக்கும் கேம் கம்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்க வேண்டும். லீவரை அழுத்தினால் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா நகர்ந்து, பிறகு பிடிக்க வேண்டும். விட்டதும் சுண்டித் திரும்பாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம். டிஸ்க் பிரேக் என்றால் பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும். உங்கள் ஊர்ப்பக்க மழைக்கு மூன்று வருடம் அதிகம்.

அடுத்தது டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. பக்கச் சுவரில் நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். காற்று அளவு வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்; பல 110 சிசி வண்டிகளில் முன்னால் 22, பின்னால் தனியாக ஓட்ட 29, இருவர் ஏறினால் 36 வரை. பஞ்சர் கடையில் இரண்டுக்கும் 35 என்று அடித்துவிடுவார்கள். முன்சக்கரம் கல் போல் ஆகி, துள்ளும்.

மூன்று வருடப் பெட்ரோல் பெட்ரோல் இல்லை. அதில் கலந்த எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் தங்கி, டேங்கில் துரு பிடித்திருக்கும். முழுவதும் வடியுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியென்றால் அதன் கிண்ணத்தையும் வடித்து பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணைந்துவிடும். நடுச்சாலையில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அரை டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு, சாவி போடாமல் பத்து முறை மெதுவாகக் கிக்கர் மிதித்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் ஆயிலை மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிக்கு 700 முதல் 800 மி.லி. பின்சக்கர கியர் ஆயில் தனி. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கலாம், ஒயரைக் கடித்திருக்கலாம். சைலன்சர் வாயில் குளவி மண் பூசியிருக்கும். டிரைவ் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில்தான் பேட்டரி: சார்ஜ் செய்து சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவாவது காட்ட வேண்டும். இரண்டு லீவருக்கும் பின்விளக்கு எரிகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதியாகியிருக்கும், வண்டி 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்.சி.யும்தான்; புதுப்பித்த பிறகே கேட்டைத் தாண்டுங்கள்.

கேள்வி: வயது 61. இருபது வருடம் பஜாஜ் சேட்டக் ஓட்டியவன். மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். எனக்குப் பயிற்சி வேண்டுமா? லைசென்ஸ் 55 வயதோடு முடிந்துவிட்டது.
(வாசகர், லோயர் கேம்ப்)

பதில்: கண்டிப்பாக வேண்டும் ஐயா. இந்தப் பக்கத்துக்கு எழுதியவர்களில் உங்கள் கைக்குத்தான் பழக்கம் அதிகம், அதனாலேயே ஆபத்தும் அதிகம். சேட்டக்கில் இடது லீவர் கிளட்ச், இடது கைப்பிடியை முறுக்கினால் கியர், பின் பிரேக் வலது காலில். புது வண்டியில் இடது லீவர் பிரேக். வேகத்தைக் குறைக்க நினைத்ததும் உங்கள் இடது கை கிளட்ச் என்று நினைத்து முழுக்க அழுத்தும். வண்டி குத்தி நிற்கும், பின்னால் வருகிறவர் மோதுவார். அவசரத்திலோ வலது கால் இல்லாத பெடலைத் தேடும். அந்த அரை விநாடியில் 40 கி.மீ. வேகத்தில் ஐந்தாறு மீட்டர் போய்விடும். மைதானத்தில் ஐம்பது முறையாவது நின்று பழகுங்கள்: வலது கால் பலகையில் அசையாமல், இடது கையில் இரண்டே விரல்.

மின்சார வண்டிக்கு இன்னொன்று உண்டு. சத்தம் இல்லாததால் அது தயாராக இருப்பதே தெரியாது. தொட்டதும் முழு இழுவை வரும். முதல் மாதம் வேகம் குறைந்த மோடிலேயே வைத்திருங்கள்.

லைசென்ஸ் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் வெறும் புதுப்பிப்பு நடக்காது, ஓட்டிக் காட்டும் தேர்வை மறுபடி தர வேண்டும். மருத்துவரிடம் படிவம் 1ஏ (உடல்தகுதிச் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கு ஐந்து வருடம் கிடைக்கும். அதுவரை குமுளிச் சாலை வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால், எதிராளிக்குக் கொடுத்த நஷ்டஈட்டைக் காப்பீட்டு நிறுவனம் வண்டிக்காரரிடமே கேட்கலாம். வண்டி மகன் பெயரில் இருக்கிறது.

கேள்வி: வாரம் இரண்டு முறை கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு போக வேண்டும். ஆறு வருடம் கழித்து ஓட்டுகிறேன். சாரல் காலத்தில் எஸ் வளைவில் இறங்குவது எப்படி?
(வாசகர், புளியரை)

பதில்: முதல் சாரல் காலத்தை விட்டுவிட்டு, வெயில் நாளில் பழகுவதே நல்லது. தவிர்க்க முடியாது என்றால் கேளுங்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அணைத்தால் இஞ்சின் தடுப்பு போய்விடும், முழுச் சுமையும் பிரேக்கில். இஞ்சின் ஓடினாலும் வேகம் மிகக் குறைந்ததும் கிளட்ச் விலகி, வண்டி சும்மா உருளும். லேசாக ஆக்ஸிலேட்டரைத் தொட்டுவிட்டால் மறுபடி பிடிக்கும், இழுத்துப் பிடித்த உணர்வு வரும்.

பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். டிரம் சூடானால் லீவர் கைப்பிடிக்கு அருகே வரும், கருகல் வாடை அடிக்கும். உடனே ஒதுங்கி இருபது நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் இருபது நிமிடம்தான் மோசமானது. தூசியும் டீசலும் குழைந்து சோப்பு போலாகும். வெள்ளைக் கோட்டின் மேலும் பாலத்து இரும்பு இணைப்பின் மேலும் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். எதிரே டிப்பர் கடக்கும் கணத்தில் காற்று மறைந்து, அது போனதும் பளீரென்று அறையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அந்த அறை முழுவதும் முன்சக்கரத்துக்குப் போகும். முழங்கையைத் தளர்த்தி, வேகத்தை 30-க்கு இறக்கி, விளிம்பிலிருந்து தள்ளியே இருங்கள். கொண்டை ஊசி வளைவில் டிப்பரை முந்தவே முந்தாதீர்கள். அதன் பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்து வரும், ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

கேள்வி: கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறைக்கு மகனோடு போக வேண்டும். மூன்றரை வயது. முன்னால் நிற்க வைக்கலாமா? பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டுமா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நிற்க வைக்கவே கூடாது. பிரேக் பிடித்ததும் குழந்தையின் முகம் ஹேண்டிலில் மோதும். பிடிமானத்துக்கு அது பிடிப்பது பெரும்பாலும் ஆக்ஸிலேட்டரைத்தான். நான்கு வயதுக்குள் என்றால் உங்களோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, குழந்தை அளவு ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேல் போகாத வேகம். 2023 பிப்ரவரியிலிருந்து இதுவே விதி. நான்கைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் உண்டு, பின்னால் உட்காருபவர் உட்பட. எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே சட்டம்தான். அந்தப் பக்கம், கேரளாவில், 2023 ஜூனிலிருந்து கேமராவே பார்த்து அபராதம் அனுப்புகிறது. தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். பழைய ஹெல்மெட் பரணில் இருந்தால் எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் தெர்மாகோல் பலமிழந்திருக்கலாம்.

கேள்வி: புது வண்டியில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே இல்லை. பகலில் எதிரே வருகிறவர்கள் கையை மடக்கி விரித்துச் சைகை காட்டுகிறார்கள். சிக்னலில் இஞ்சினும் தானாக அணைகிறது. பழுதா?
(வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: இரண்டும் பழுதில்லை. 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் விளக்கு எப்போதும் எரியும். சைகைக்காகக் கையை எடுத்துப் பதில் சொல்ல வேண்டாம். சிக்னலில் அணைவது பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. பழகும் வரை அதற்கான சுவிட்சை அணைத்து வையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சத்தம் நின்றுவிட்டது என்று அப்படியே இறங்கி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் முறுக்கிய மாத்திரத்தில் இஞ்சின் உயிர் பெற்றுவிடலாம். இறங்கும் முன் சாவியைத் திருப்பி எடுத்துவிடுங்கள்.