அணா விலையில் பின்கோடு இருக்குமா?

பழைய சமையல் புத்தகங்களைத் தேடி வாங்குகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விற்றவர்களைத் திட்டிய பகுதிகளை மட்டும் முழுதாகவே வெட்டிவிட்டேன்.

கேள்வி: மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951 முதல் பதிப்பு என்று ஒருவர் ஆன்லைனில் 6,500 ரூபாய் சொல்கிறார். நாலு படம் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகவரியில் சென்னைக்குப் பக்கத்தில் 600 என்று தொடங்கும் ஆறு இலக்கம் தெரிகிறது. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். நல்ல புத்தகம், அதில் சந்தேகமில்லை. இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பிரதி அவர் சொல்கிற வயதுக்காரி இல்லை.

'முதல் பதிப்பு' என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்பவர் ஏதோ ஒரு மறுபதிப்பைத் திறப்பார். 'முதற்பதிப்பு: 1951' என்ற வரியைப் பார்ப்பார். அதற்குக் கீழே வரிசையாக இருக்கும் மற்ற வருஷங்களைப் படிக்க மாட்டார். சிலர் படித்துவிட்டு, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் படம் எடுப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பயனில்லை, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் விலையைத் தேடுங்கள். அணாவில் அச்சாகியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா. அது 1957-க்கும் 1964-க்கும் நடுவில். முகவரி 'சென்னை-4', 'சென்னை-17' என்று நின்றுவிட்டால் பெரும்பாலும் பின்கோட்டுக்கு முந்தைய காலம். அப்புறம் எழுத்து. லை, னை, ணை எல்லாம் பழைய வடிவத்தில், யானைபோல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா, அல்லது இன்று நாம் எழுதுவதுபோல் இருக்கின்றனவா? எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அரசாணை வந்தது 1978-ல். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' ஏட்டில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், உண்மைதான். சமையல் புத்தகம் போட்டவர்கள் யாரும் அவர் வழியில் போய் நான் பார்த்ததில்லை.

தும்பிக்கை இருக்கிறது என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். பழைய ஈய எழுத்துகளைத் தூக்கிப் போட மனமில்லாத அச்சகங்கள் 1978-க்குப் பிறகும் சில வருஷம் அவற்றிலேயே ஓட்டின. புத்தகம் கைக்கு வந்தால் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்து அழுந்திய தடம் லேசாகத் தட்டுப்படும். ஆப்செட்டும் ஜெராக்ஸும் வழவழ என்றிருக்கும்.

இவ்வளவு பேசுகிற நானே மிஸஸ் பீட்டனிடம் விழுந்தவள். இசபெல்லா பீட்டனின் வீட்டு நிர்வாகப் புத்தகம் லண்டனில் 1861-ல் வந்தது. பாதிக்கு மேல் சமையல். ஒரு பழைய புத்தகக் கடையில் முன்னுரையின் அடியில் 1861 என்று பார்த்ததும் எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். தலைப்புப் பக்கத்தில் வார்டு லாக் என்ற பதிப்பகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முதல் பதிப்பைப் போட்டவர் இசபெல்லாவின் கணவர் சாமுவேல் பீட்டன். 1865-ல் மனைவி இறந்த பிறகுதான் உரிமை வார்டு லாக் கைக்குப் போனது. பழைய முன்னுரையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு பல பதிப்பு போட்டார்கள். வீட்டுக்கு வந்து புரட்டினால் உள்ளே புகைப்படங்கள்! என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதை 'எட்டாயிரம் ரூபாய் புட்டிங்' என்றுதான் சொல்கிறார்.

கேள்வி: பழைய சமையல் புத்தகங்களை முதலீடாக வாங்கி வைக்கலாமா? (திருப்பூர்)

பதில்: தங்கம் வாங்குங்கள்.

கேள்வி: 'வைவர்ன்' எழுதிய 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்', 1878. வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது 1994-ல் அச்சிட்ட நகல். நஷ்டஈடு கிடைக்குமா? (கோவை)

பதில்: நீங்களே இணைத்திருக்கும் விளம்பரத்தின் மூன்றாவது வரியில் '1885-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் நகல், 1994' என்று இருக்கிறது. மறைக்கவில்லை, பொடி எழுத்தும் இல்லை. ஒன்பதாயிரம் ரூபாய் அனுப்புகிறவருக்கு மூன்று வரி படிக்க நேரமில்லையா? விலை அதிகம்தான். ஆனால் அதிக விலை சொல்வதும் ஏமாற்றுவதும் ஒன்றல்ல. நஷ்டஈடு எல்லாம் கிடைக்காது.

வந்ததைப் படியுங்கள், நல்ல புத்தகம். வைவர்ன் என்பது கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரியின் புனைபெயர். மதராஸில் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. வெள்ளைக்கார வீடுகளில் சமைத்த நம்மூர் ஆட்களை எல்லாம் ஒரே பெயரில் 'ராமசாமி' என்று கூப்பிட்டுப் பக்கம் பக்கமாகக் குறை சொல்கிறார். அந்த ராமசாமி எழுதிய பதில் மட்டும் எங்காவது அச்சில் இருந்தால், வளையலை அடகு வைத்தாவது வாங்குவேன்.

கேள்வி: 1891-ல் வந்த 'இந்து பாக சாஸ்திரம்', அபூர்வமான அசல் பிரதி என்றார்கள். 4,200 ரூபாய் கட்டினேன். வந்தது சுருள் கம்பி போட்ட ஜெராக்ஸ். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என் ஓய்வூதியத்தில் வாங்கியது. (திருநெல்வேலி)

பதில்: இது உங்கள் தப்பு இல்லை ஐயா. 'அசல் பிரதி' என்று அவர்களே எழுதிய பக்கத்தை நீங்கள் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது ஒன்றே போதும். அவ்வளவு பழைய நூலை யாரும் மறுபடி அச்சிடலாம். காப்புரிமை ஆசிரியர் இறந்து அறுபது வருஷத்தோடு முடிந்துவிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் என்று சொல்லி முந்நூறு ரூபாய்க்கு விற்றால் நானே வாங்குவேன். அசல் என்று சொல்லி விற்பதுதான் திருட்டுத்தனம்.

ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 விதிகளின்படி, சொன்ன பொருள் வரவில்லை என்றால் 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்று விற்பவர் சொல்லவே முடியாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையா, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் திருநெல்வேலியிலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பார்சல் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத உதவி வேண்டுமானால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய புத்தகங்களின் படம் போட்டார். 3,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார். (சேலம்)

பதில்: இதை வாசித்து முடிப்பதற்குள் 1930-க்கு போன் போடுங்கள். இணையப் பண மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எனக்குக் கடிதம் எழுதி, அது வந்து சேர்ந்து, நான் பதில் போட்டு... போங்கள், முதலில் போன் போடுங்கள்.

கேள்வி: எண்ணெய்க் கறையை எப்படிப் போக்குவது? (காரைக்குடி)

பதில்: சமையல் புத்தகத்தில் எண்ணெய்க் கறைதான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய புத்தகத்தில் இராமபாணம் துளைத்திருக்கிறது. உள்ளே இன்னும் பூச்சி இருக்குமோ என்று பயம். மருந்து அடிக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: கூடாது. மண்ணெண்ணெய், கொசு மருந்து எதுவுமே கூடாது. பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், பைக்கு வெளியே வியர்ப்பது நின்ற பிறகு திறக்கலாம். அதுவரை மற்ற புத்தகங்களோடு சேர்க்க வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுகிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். கொஞ்ச வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் பழுப்பாக எழுத்தின்மேல் நிற்கும். என் அலமாரியில் அப்படி இரண்டு இருக்கின்றன, இரண்டுமே என் கைவேலை.

கேள்வி: பலம், வீசை, ஆழாக்கு எல்லாம் போட்டிருக்கிறார்களே, எப்படிச் சமைப்பது? (பெங்களூரு)

பதில்: எடை சுலபம். ஒரு பலம் சுமார் 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை. ஆக வீசை என்பது சுமார் 1.4 கிலோ. முகத்தல் அளவில்தான் வம்பு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எங்கும் ஒன்றுதான், ஆனால் அந்தப் படியே ஊருக்கு ஊர் மாறும். அரிசிக்கும் பருப்புக்கும் இடையே உள்ள விகிதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பும் காரமும் உங்கள் நாக்குப்படி. அந்தக் கால அளவில் மிளகாய் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: பாட்டி கையால் எழுதிய சமையல் நோட்டுக்கு ஒரு வியாபாரி 2,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? (புதுச்சேரி)

பதில்: இரண்டாயிரம் அவ்வளவு அவசரமா? அச்சடித்த புத்தகம் இன்னொன்று கிடைக்கும். இது ஒன்றே ஒன்று. முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சித்தி, பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்புங்கள். உங்கள் வீட்டில் காப்பாற்ற ஆளில்லை என்றால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த நூலகமே கோட்டையூரில் ஒருவர் தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து வந்ததுதான். வியாபாரிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐயாயிரத்துக்கு ஏறுவார், அப்போதும் வேண்டாம்.

கேள்வி: நடைபாதைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். அட்டை இல்லை, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். இதைக் காட்டி விலை குறைக்கச் சொல்லலாமா? (சென்னை)

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். குறைத்தால் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாங்குவதற்கு முன் பக்க எண்களை மட்டும் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். எப்போதும் காணாமல் போவது இனிப்புப் பக்கங்கள்தான்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் நாற்பது ரூபாய்க்கு நான் வாங்கிய ஒன்றுக்கு அட்டையும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. அதன் பெயரே எனக்குத் தெரியாது. மைசூர் ரசத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் 'அவருக்குப் புளி குறை' என்று இருக்கிறது. கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில், 'இவருக்கும்'. பின்னட்டையின் உள்பக்கம் ஒரு மாதத்துப் பால் கணக்கு. பதினேழாம் தேதி பால் வரவில்லை.