கூடை, ஜாம், ஒன்றரை ஏக்கர்: புதுசா, பழகின வழியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த மூன்றுக்கும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் கம்பஸில் வடிவமைப்புப் படிக்கிறேன், வீடு மஸ்கெலியா. இறுதி வருட புரொஜெக்டுக்குக் கொழுந்துக் கூடையை அடியோடு மாற்றி, நீர் புகாத ரெக்சினில் இரண்டு தோள்பட்டி வைத்து முதுகுப்பை மாதிரி செய்ய நினைக்கிறேன். விரிவுரையாளரோ, இப்போது பாவனையில் இருப்பதை முதலில் ஆராய்ந்து பார் என்கிறார். எல்லாரும் செய்ததையே படித்துக்கொண்டிருந்தால் புதுசு எங்கேயிருந்து வரும்?

பதில்: தம்பி, உங்கள் விரிவுரையாளர் சொல்வதுதான் சரி, ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. பழைய கூடையைப் படிப்பது அதை மாதிரியே இன்னொன்று செய்வதற்கு அல்ல, அது என்னென்ன தொல்லையை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. மஸ்கெலியாவில் வீடு இருக்கும்போது இதற்குப் புத்தகம் தேவையில்லை, ஒரு காலை நேரம் மலைக்குப் போய் நிரையில் நிற்கிற ஒரு அம்மாவின் கையை மட்டும் பாருங்கள். இரண்டு கையும் கொழுந்தைக் கிள்ளும், கைப்பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் பின்னுக்கு எறியும். கூடையின் வாய் அகலமாக, தோளுக்குச் சற்றுப் பின்னால், எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கூடை தொங்குகிற கயிறு தலையில் இருப்பதால் தோள் இரண்டும் சும்மா இருக்கிறது, உங்கள் பட்டி அந்த இடத்தில்தான் வந்து உட்காரும்.

அப்புறம் ரெக்சின். பிரம்புக் கூடையின் இடைவெளி அழகுக்கு வைத்ததில்லை. பறித்த கொழுந்து உயிரோடுதான் இருக்கிறது, அது சுவாசிக்கும்போது சூடு வருகிறது, காற்றோட்டமில்லாமல் அமுங்கிக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கொழுந்து சிவந்துவிடும். இலை நசுங்கி நிறம் மாறுகிற வேலை தொழிற்சாலையில் ரோலருக்குள் நடக்க வேண்டியது, முதுகிலேயே தொடங்கினால் அந்தத் தூளில் குணம் இருக்காது. நீர் புகாத பைக்குள் காற்றும் புகாது, தம்பி.

ஆனால் இதை வைத்து, பழைய கூடையில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல தோட்டங்களில் பிரம்புக் கூடை போய் நைலோன் பையும் சாக்கும் வந்து வருசக்கணக்காகிவிட்டது. பழைய கூடை தீர்க்காமல் விட்ட தொல்லை ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. கயிறு பதிகிற உச்சந்தலையில் முடி கொட்டிப்போன பெண்களை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். கழுத்து வலியோடு கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்கு வந்து நிற்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். வாய் திறந்திருக்க வேண்டும், காற்று போக வேண்டும், தோள் வீச இடம் வேண்டும், சறுக்கினால் ஒரு நொடியில் கழற்றிப் போட முடிய வேண்டும். இத்தனையையும் வைத்துக்கொண்டு பாரத்தை இடுப்புக்குக் கொண்டுபோக வழி கண்டுபிடியுங்கள். அது நிஜமான புதுசு, நம்முடைய அம்மாமாருக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

கேள்வி: நுவரெலியாவில் வீட்டிலேயே ஸ்ட்ரோபெரி ஜாம் செய்து உல்லாசப் பயணிகளுக்கு விற்கிறேன். பயிற்சியில் தந்த தாளில் உள்ளபடி 105 பாகை வரும்வரை காய்ச்சினால் கறுத்து, கரண்டி இறங்காமல் இறுகிப் போகிறது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சீனியைப் பாதியாக்கி கித்துள் பாணி சேர்த்து நம் முறையில் செய்வோம், அதுதான் புதுமை என்கிறார் என் தம்பி. செய்யலாமா அக்கா?

பதில்: தங்கச்சி, தாள் பொய் சொல்லவில்லை, அது கடல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு எழுதியது. ஜாம் காயும்போது தண்ணீர் வற்றி, கரைந்திருக்கிற சீனி நூற்றுக்கு 65 பங்கு அளவுக்கு வரும். அந்த நிலையில் ஜாமின் கொதிநிலை வெறும் தண்ணீரின் கொதிநிலையைவிட நாலரை, ஐந்து பாகை கூடுதலாக இருக்கும். கொழும்பில் தண்ணீர் 100இல் கொதிக்கிறது, அதனால் 105. நீங்கள் இருப்பதோ கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில், அங்கே தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், ஆகவே உங்கள் ஜாம் 98, 99இலேயே பதத்துக்கு வந்துவிடும். அதற்கு மேலும் ஆறு பாகை ஏற்றினால் கறுக்காமல் என்ன செய்யும்? உங்கள் அடுப்பில், உங்கள் தேர்மோமீட்டரில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாருங்கள், வருகிற எண்ணோடு நாலரையைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் வீட்டுக்கான தாள்.

சீனியைப் பாதியாக்குவது வேறு கதை. ஜாம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதே அந்தச் சீனியாலும் புளிப்பாலும்தான். குறைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஜாமை உறைய வைக்கிற பெக்டின் வேறு ஸ்ட்ரோபெரியில் குறைவு என்பதால் சரியாக உறையாமல் தண்ணீராய் ஓடும். தம்பிக்கு அந்தச் சுவைதான் வேண்டுமென்றால் செய்யட்டும், ஆனால் அதை ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தின்று முடிக்கிற பண்டமாக விற்க வேண்டும், ஜாம் என்று பெயர் போட்டு வெயிலில் தட்டில் அடுக்கக் கூடாது.

உங்களுக்குப் புதுமை செய்ய இடம் பானைக்கு வெளியே நிறைய இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வாங்குகிறவர் யார்? நாலு நாளில் விமானம் ஏறப்போகிறவர். பல விமான நிலையங்களில் ஜாமையும் திரவக் கணக்கில் சேர்த்து, கைப்பையில் 100 மில்லி லீட்டருக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். பெரிய போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே? 100 மில்லிக்குள் அடங்குகிற சின்னப் போத்தலில் போட்டுப் பாருங்கள். தாளிலும் கை வைக்க வேண்டாம், ஜாமிலும் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஹப்புத்தளைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். இரசாயன உரத்தை விட்டு முழுவதையும் சேதனத்துக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற்றுவோம் என்று மகன் நிற்கிறான். பக்கத்துக் காணிக்காரர்கள் எல்லாம் பழைய முறைதான். துணிந்து இறங்கலாமா?

பதில்: இறங்குங்கள் ஐயா, முழுவதிலும் வேண்டாம். இந்த மலை முழுக்கக் கோப்பியாக இருந்த காலத்தில், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டது 19 ஏக்கரில். கோப்பி அப்போது நன்றாகத்தான் காய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருசம் கழித்து 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது, பிறகு அது மலை மலையாகத் தின்றபோது, தேயிலையைச் செய்து பார்த்துப் பழகின ஒரு இடம் நாட்டில் இருந்தது. நல்லபடி நடக்கும்போதே ஓரமாக ஒன்றைச் சோதித்து வைத்ததால்தான் அது முடிந்தது. இதற்கு நேர்மாறாக நடந்ததை நீங்களே உங்கள் காணியில் அனுபவித்திருப்பீர்கள். 2021 மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரேயடியாக இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. சேதனம் கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. எந்த மண்ணுக்கு எவ்வளவு, எத்தனை வருசத்தில் என்று யாரும் பார்த்துக்கொள்ள முதலே கை பிடித்த கயிற்றை வெட்டிவிட்டார்கள், கொழுந்து குறைந்து அடிபட்டது உங்களைப் போன்றவர்கள்தான்.

கால் ஏக்கரை மகனுக்குப் பிரித்துக் கொடுங்கள். விளையாத மூலையைத் தள்ளிவிடாதீர்கள், அங்கே தோற்றாலும் ஜெயித்தாலும் மற்ற ஒன்றேகால் ஏக்கரைப் பற்றி ஒன்றும் தெரியவராது. அதே சரிவு, அதே வயதுச் செடி, செடியை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்து நடந்த வருசமும் ஒன்றாக இருக்கிற துண்டாகப் பாருங்கள். அந்தத் துண்டின் கொழுந்தைத் தனியாக நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள், செலவையும் ஆள்கூலியையும் பக்கத்திலேயே எழுதட்டும். அடுத்த கவ்வாத்து வரைக்குமாவது விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு மழைக்காலத்து நிறுவையை வைத்துக்கொண்டு அவசரப்பட்டு எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.