கோலிக்குண்டு போல உருளும் கட்டி

கேள்வி: எனக்கு 20 வயது. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கல்லூரியில் மார்பகச் சுயபரிசோதனை பற்றி ஒரு வகுப்பு நடந்தது. அன்றிரவு தொட்டுப் பார்த்தபோது, இடது மார்பில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி நழுவி ஓடுகிறது. வலியில்லை. என் அத்தைக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. “அது அப்பா வழி, உனக்கு வராது. ஊசி குத்தினால்தான் பரவும். கல்யாணமாக வேண்டிய பெண், வெளியே சொல்லாதே” என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: உங்கள் வயதில் இப்படி நழுவி ஓடும் வலியற்ற கட்டி பெரும்பாலும் ‘ஃபைப்ரோஅடினோமா’தான். புற்றுநோய் அல்ல. பிடிக்கப் போனால் ஓடிவிடுவதால் மருத்துவர்கள் இதை ‘மார்பக எலி’ என்பதுண்டு. ஆனால் கடிதத்தைப் படித்துக் கட்டியைக் கணிக்க முடியாது. இந்த வாரமே ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்; பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது என்பதால் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயைவிட அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் கட்டி தெளிவாகத் தெரியும். தேவைப்பட்டால் ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் நோய் உடலெங்கும் பரவிவிடாது. நோய் முற்றிய பிறகு ஊசிச் சோதனைக்கு வந்தவர்களைப் பார்த்துப் பிறந்த பயம் அது. பழி ஊசியின் மேல் விழுந்துவிட்டது.

அப்பா வழி என்பதால் வராது என்பதும் சரியல்ல. மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் மகளுக்கு வரலாம். 42 என்பது இந்நோய்க்கு இளம் வயது. இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை வேண்டுமென்றால் முதலில் அத்தைக்குச் செய்வதே பயன் தரும்.

இனி மாதந்தோறும் தேதி குறித்துத் தடவிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். ஷாங்காய் நகரில் 1989இல் தொடங்கி, துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,000 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால், மார்பகப் புற்றுநோய் மரணம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கற்றுக்கொண்டவர்களுக்குச் சாதாரணக் கட்டிகளுக்கான திசுச் சோதனைதான் கூடியிருந்தது.

அதற்காகத் தொடவே கூடாது என்றில்லை. குளிக்கும்போது உங்கள் மார்பகத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிலக்குக்கு முன் முடிச்சு முடிச்சாகவும் வலியோடும் இருந்து பிறகு தணிந்தால் அது ஹார்மோனின் வேலை. விலக்கு முடிந்தும் கரையாத கட்டி, தோலில் குழிவு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குச் சுகாதாரப் பணியாளர்களே மார்பகத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. வயதைப் பார்த்தால், அன்று முதலில் பரிசோதனைப் படுக்கையில் ஏற வேண்டியவர் அவர்தான்.