பாண்டை விடுங்கள், அப்பாவின் செக் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் கிராமம், வயது 23, டிப்ளமோ மெக்கானிக்கல். புதுச்சேரியில் ஒரு டிசைன் கம்பெனியில் பதினோரு மாதமாக வேலை. ட்ரெய்னிங் என்று முதல் மூன்று மாதம் சம்பளமே இல்லை. அப்புறம் 14,000 என்று சொல்லிவிட்டு 9,500 தான் தருகிறார்கள். புது சாஃப்ட்வேர் கற்றுத் தருவதாகச் சொன்னார்கள், செய்வதெல்லாம் பழைய டிராயிங்கைத் திருத்துகிற வேலை. ‘உனக்கு வெளியே எவன் வேலை தருவான்’ என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பேசுகிறார். இப்போது ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இரண்டு வருட பாண்ட், மீறினால் 1,50,000 ரூபாய். ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்களிடம். சேரும்போது என் செக் ஒன்று, அப்பா செக் ஒன்று, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தோம். கடலூர் கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, மேனேஜர் பேசியது, கற்றுத் தராதது, சம்பளத்தில் ஏமாற்றியது எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, செக் விஷயத்தைக் கடைசியில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கவலை. மற்றதெல்லாம் நியாயமான கோபம், ஆனால் அதில் வழக்கு இல்லை, அல்லது இருந்தாலும் சின்ன வழக்கு. அப்பாவின் கையெழுத்துள்ள வெற்றுச் செக் வேறு ஒருவரின் மேசை டிராயரில் இருக்கும்வரை நீங்கள் ராஜினாமா கடிதத்தைத் தொடவே கூடாது.

பாண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பாண்டே செல்லாது’ என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2 லட்சம் ரூபாய் பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது ஆள் எடுக்கவே பெரிய செலவு செய்கிற வங்கி, உங்கள் கம்பெனி அப்படி இல்லை. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி 1,50,000 என்பது உச்சவரம்பு மட்டும்தான், நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். ட்ரெய்னிங் என்ற பேரில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் அவர்கள் வாடிக்கையாளருக்கான டிராயிங்கை நீங்கள் திருத்திக் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் செலவு எங்கே வந்தது என்று நாம் கேட்கலாம். அதற்கு ஆதாரமாக அந்த மாதங்களில் உங்களுக்கு வந்த மெயில்களை எடுத்து வையுங்கள். பாண்டை மட்டும் வைத்து அவர்கள் சிவில் வழக்குப் போட்டால் அது மெதுவாகத்தான் நகரும், பல கம்பெனிகள் போடுவதே இல்லை.

ஏன் போடுவதில்லை? கையில் செக் இருக்கிறதே. தேதியும் தொகையும் அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். வங்கியில் பணமில்லை என்று திரும்பியதும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு. இது குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் எழுதவில்லை, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்’ என்றால் தப்பிக்கலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நடக்காது. கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருந்ததாகத்தான் சட்டம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வெற்றுச் செக்குக்கும் இதுதான் நிலை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு செக்கிலும் தனித்தனியாக 1,50,000 எழுதினால்? அதையும் பார்த்திருக்கிறேன். அதிலும் அப்பா செக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது அப்பா. வேலைக்குச் சேர்ந்தது மகன் என்பது அங்கே அவரைக் காப்பாற்றாது.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். வேலையை விட்ட மறுநாளே வங்கிக்குப் போய், இந்தச் செக்குக்குப் பணம் தராதீர்கள் என்று ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஸ்டாப் பேமென்ட் என்று திரும்பினாலும் 138 வரும், கணக்கையே மூடினாலும் வரும். அடுத்து வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வரும், வீட்டில் பயந்துபோய் ‘ஆள் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் கிடைத்ததாகவே கணக்கு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பதில் போடுவதுதான் உங்கள் முதல் தற்காப்பு, அதை விட்டுவிட்டால் ‘செக்யூரிட்டிக்காகத்தான் கொடுத்தோம் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி கடைசிவரை துரத்தும். அப்புறம் சம்மனுக்குப் போகாமல் வாரண்டில் முடிந்த குடும்பங்களும் உண்டு.

இன்னொன்று, சர்டிபிகேட். அதை அடமானம் மாதிரி பிடித்துவைக்கக் கம்பெனிக்கு உரிமையே கிடையாது, நோட்டீஸ் அனுப்பி வாங்கிவிடலாம். ஆனால் அவசரப்பட்டு, தொலைந்துவிட்டது என்று போலீஸில் பதிந்து டூப்ளிகேட் வாங்காதீர்கள். பையன்கள் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். அது பொய்ப் புகார். ‘அவர்கள் பிடித்துவைத்திருக்கிறார்கள்’ என்கிற உங்கள் வாதமும் அதோடு செத்துவிடும்.

வழக்கு எங்கே நடக்கும் என்று யோசித்தீர்களா? கம்பெனி எந்த வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறதோ அந்த ஊரில். சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று உங்கள் ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். அது சென்னைக் கிளையாக இருந்தால் ஊரில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அப்பா வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். குற்றத்தை மறுத்து வழக்கை நடத்தினால், இடைக்காலமாகச் செக் தொகையில் 20 சதவீதம் வரை கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 1,50,000-க்கு அது 30,000. தண்டனையாகி மேல்முறையீடு போனால் அங்கேயும், விதித்த அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம்.

அதனால் நேராகச் சொல்கிறேன், பேசி முடித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நியாயம் இல்லை என்பதற்காக இல்லை, அந்த நியாயத்தை நிரூபிக்க ஆகிற வருடங்களை உங்கள் வயதில் வீணாக்கக் கூடாது என்பதற்காக. நோட்டீஸ் பீரியட் வேலை செய்து கொடுத்து, முப்பது நாற்பதாயிரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். சம்பளமில்லாத மூன்று மாதம்தான் உங்கள் பேரம், அதைச் சொல்லித்தான் தொகையைக் குறைக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி புகாரும் அதற்குத்தான் பயன்படும், ஆனால் கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்துப் பயனில்லை, எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசாங்கம். புதுச்சேரி தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் முன் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். ‘சேர வரும்போது இரண்டு செக் லீஃப் எடுத்து வா’ என்று ஹெச்.ஆர். வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அதுதான் உங்கள் உயிர், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனை மாற்றாமல், ரீசெட் பண்ணாமல் வையுங்கள். செக் புத்தகத்திலிருந்து இரண்டு செக் நம்பரையும் எடுங்கள். பாண்ட் நகல் இல்லையென்றால் மெயிலில் கேளுங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகத்தான். செட்டில்மென்ட் பேப்பரில் ‘கடன்’, ‘பாக்கி’ என்ற சொல் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு செக் நம்பரும் அதில் இருக்க வேண்டும். செக்கும் சர்டிபிகேட்டும் ரிலீவிங் லெட்டரும் அதே மேசையில், அதே நேரத்தில் கைக்கு வர வேண்டும். ‘அப்பா செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டோம்’ என்றால், அந்த நம்பர் செக் ரத்து, இனி வங்கியில் போட மாட்டோம் என்று சீல் வைத்து எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் பணம் அனுப்பாமல் எழுந்து வந்துவிட்டு, பாண்ட் நகலோடு அருகிலுள்ள வக்கீலைப் பாருங்கள்.