விழா வேலைக்குப் போகிறவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே ரகம். பெரிய நகரத்தில் நிகழ்ச்சி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா? போ, போகாதே என்று நான் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன். இருபது வருடமாக மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. பயப்படத் தோன்றாததுதான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது.

கேள்வி: கச்சேரியில் குண்டு வெடித்தது, துப்பாக்கிச்சூடு என்று செய்தி பார்த்ததிலிருந்து அரங்கத்துக்குள் கால் வைக்கவே நடுக்கமாக இருக்கிறது. இந்த வேலையை விட்டுவிடவா?

பதில்: 2017-இல் மான்செஸ்டர் அரங்கில் கச்சேரி முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அதனால் உங்கள் பயத்தை அசட்டுப் பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் வேலையில் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பெரும்பாலும் ஏணி, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, தரையில் ஒட்டாமல் விட்ட கேபிள், விடியற்காலை ரோடு. இவை செய்தியில் வருவதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். போனவுடன் எல்லா வாசலையும் நடந்து பாருங்கள். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணத்தின் பொறி சுவரில் இருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பலர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி, அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். தீயானாலும் துப்பாக்கியானாலும் இரண்டாவது வாசல் தெரிந்திருப்பது ஒன்றுதான் கைகொடுக்கும்.

பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் இல்லை, தள்ளிப் பார்க்க வேண்டும். ஒருமுறை பச்சை விளக்கு எரிந்த அவசரக் கதவைத் தள்ளினேன். ஒரு சாண் திறந்து, எதிலோ இடித்து நின்றது. எட்டிப் பார்த்தால் வெளியே ஆளுயரத்துக்குக் காலி ஸ்பீக்கர் பெட்டிகள். அடுக்கியது எங்கள் ஆட்களேதான்.

கேள்வி: தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வாலண்டியர் நான். கூட்டம் எப்போது ஆபத்தாகிறது என்று எப்படித் தெரியும்?

பதில்: இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் ஒன்றை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதற்குள் நாலு பேர் என்றால் நெருக்கம், சமாளிக்கலாம். ஐந்து பேர் ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நகர்வதில்லை, கூட்டம்தான் நகர்த்துகிறது. எண்ண நேரமில்லை என்றால் தலைகளைப் பாருங்கள். காற்றில் பயிர் சாய்வது போல மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தால் நிலைமை கைமீறுகிறது. இன்னொரு அடையாளம், முன்வரிசையில் இருப்பவர்களால் கையை மடக்கித் தங்கள் முகத்தைத் தொட முடியாது. பாட்டு ஓடும்போது பாடாமல், தட்டாமல், மேலே பார்த்து வாயைத் திறந்திருக்கும் முகம் தெரிந்தால் அவருக்கு மூச்சு முட்டுகிறது.

நெரிசலில் எல்லாரும் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பலர் நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் இறக்கிறார்கள். 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் பகுதிச் சந்தில் நடந்ததும் அதுதான். 159 உயிர்கள். நசுங்கப் போகிறோம் என்று போலீசுக்கு முதல் அழைப்பு போனது மாலை 6:34-க்கு. சந்து அடைபட்டு ஆட்கள் விழுந்தது இரவு 10 மணிக்கு மேல். நடுவே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

அதனால் வாக்கி டாக்கியில் 'கூட்டம் அதிகம்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 'இடது தடுப்பு, இரண்டாவது கம்பம், ஆட்களால் கையைத் தூக்க முடியவில்லை, பின்வாசலில் உள்ளே விடுவதை நிறுத்துங்கள்' என்று சொல்லுங்கள். முன்னால் நிற்பவர்களிடம் 'பின்னால் போங்க' என்று கத்திப் பயனில்லை, அவர்களால் முடியாது. நீங்களே மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள், அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள், அது ஓயும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். ஃபோன் விழுந்தால் போகட்டும், குனியாதீர்கள்.

கேள்வி: பதிவு மேசையில் வேலை. முடிய இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. பெண் தனியாக வருவதா என்று வீட்டில் தினமும் சண்டை.

பதில்: வீட்டில் சொல்வது முழுக்கத் தப்பில்லை, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஆபத்து நிகழ்ச்சியில் இல்லை, கடைசி அரை மணி நேரத்தில் இருக்கிறது. வேலைக்குச் சம்மதிக்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை மணிக்கு முடியும், திரும்பும் வண்டி யார் செலவு? வண்டிக் காசைச் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்காத வேலைக்கு அவ்வளவு நேரம் கண்விழிக்க வேண்டியதில்லை. பணப்பொறுப்பு உங்களிடம் என்றால் பையோடு தனியாகக் கிளம்பவே கூடாது. அடையாள அட்டையை வாசலிலேயே கழற்றிப் பையில் போடுங்கள், பெயரும் வேலை இடமும் தெருவுக்குத் தெரிய வேண்டாம். டாக்ஸி டிரைவரிடம் உங்கள் பெயரை நீங்கள் சொல்லாமல், 'யாருக்கு வந்திருக்கீங்க?' என்று அவரைச் சொல்ல வையுங்கள்.

கேள்வி: அண்ணா, இரவெல்லாம் மேடை பிரித்துவிட்டு நானே வண்டி ஓட்டித் திரும்புகிறேன். காபி குடித்தால் போதும்தானே?

பதில்: போதாது தம்பி. 17 மணி நேரம் தூங்காமல் இருந்தால் கவனமும் கையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கும் ஆளுக்குத் தடுமாறுவது போலத் தடுமாறும். பல நாடுகளில் அந்த அளவுக்கே அபராதம். லாரிக்குள் இருபது நிமிடம் படுத்துவிட்டாவது கிளம்புங்கள், முடிந்தால் வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள். என்னோடு வேலை செய்தவர்களில் நான் இழந்த இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பும் ரோட்டில்தான் போனார்கள்.

கேள்வி: காது அடைப்பான் போட்டால் சக ஆட்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: செய்யட்டும். சத்தம் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், 100 ஆனால் 15 நிமிடம்தான். ஸ்பீக்கர் பக்கம் 100 சாதாரணம். கிண்டல் செய்கிறவரிடம் ஐம்பது வயதில் நீங்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: மழையில் சாரத்தில் ஏறச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்களே?

பதில்: கூப்பிடாமல் போகலாம், அதை மறைக்க மாட்டேன். ஈரக் கம்பியில் ஹார்னஸ், அதாவது விழாமல் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏற மாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு கம்பெனி என்னை அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. அந்த வருடம் கஷ்டமாகத்தான் போனது.

2011-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் புயல் வருவது தெரிந்தும் நிகழ்ச்சியை ரத்து செய்யாமல் இருந்தார்கள். காற்றில் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதனால் முதல் நாளே கேட்டு வையுங்கள், காற்று அடித்தால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஒரு பெயர் வந்தால் நல்ல இடம். 'பார்த்துக்கலாம்' என்று வந்தால் அங்கே யாரும் நிறுத்தப் போவதில்லை. இடி கேட்டால் கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கம்பியைத் தொடாதீர்கள்.

மறுக்கும்போது 'முடியாது' என்று மட்டும் நிறுத்தாமல், 'ஹார்னஸ் கொடுங்க, மழை விடட்டும், ஏறுறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நாலு பேர் முன்னால் சொல்வது இன்னும் நல்லது.